ஒன்றைக் கூட்டுவதா, கழிப்பதா? வரிசையில் இடம் காணும் கணக்குகள்

கேள்வி இதுதான்: "குரூப் 4 தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். வரிசையில் இடம், வகுப்பில் ரேங்க் என்று வரும் ரீசனிங் (தர்க்கத் திறன்) கணக்குகளுக்கு ஐந்தாறு சூத்திரம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் தேர்வறையில் உட்கார்ந்ததும் எங்கே 1 கூட்ட வேண்டும், எங்கே கழிக்க வேண்டும் என்பது குழம்பிவிடுகிறது. இடமாற்றக் கணக்கு வந்தால் தொடுவதே இல்லை. சூத்திரம் இல்லாமல் இவற்றைப் போட வழி உண்டா?"

உண்டு. ஐந்தாறு சூத்திரத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒரு செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். அதைச் சொல்வதற்கு முன், இந்த வகைக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தாளில் 200 கேள்விகளில் 25 கேள்விகள் திறனறிவுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், தவறான விடைக்குக் கழிப்பதில்லை. அதனால் அங்கே ஊகித்து நிரப்பினாலும் நஷ்டமில்லை. ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராத பணிகளுக்கான என்டிபிசி முதல்கட்டத் தேர்வு அப்படியில்லை: 90 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் 30 ரீசனிங், தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 20 நிமிடத்தில் 35 ரீசனிங் கேள்வி, தவறுக்குக் கால் மதிப்பெண் வெட்டு. இந்த இடங்களில் 30-ஆ 31-ஆ என்று தடுமாறுகிறவர், கணக்குத் தெரிந்தும் மதிப்பெண்ணை இழக்கிறார். கேள்வி தயாரிப்பவரும் இதை அறிந்தே நான்கு ஆப்ஷனில் 29, 30, 31 மூன்றையும் வைத்திருப்பார். ஒன்று தப்பினாலும் அந்தத் தப்புக்கு ஏற்ற விடை அங்கே காத்திருக்கும். அதைப் பார்த்ததும் நம் விடை சரி என்ற நம்பிக்கை வேறு வந்துவிடும்.

சரி, அந்த ஒரு செய்தி என்ன?

மூன்று பேர் நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் இடமிருந்து 2-ஆவது, வலமிருந்தும் 2-ஆவது. இரண்டையும் கூட்டினால் 4. ஆள் மூன்றுதான். ஏன் ஒன்று கூடுதலாக வருகிறது? இடமிருந்து எண்ணும்போது அவரை ஒருமுறை எண்ணினோம், வலமிருந்து எண்ணும்போது இன்னொரு முறை எண்ணினோம். மற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறைதான் எண்ணப்பட்டார்கள். இப்போது இடக்கோடியில் இருப்பவரைப் பாருங்கள்: இடமிருந்து 1, வலமிருந்து 3, கூட்டினால் 4. வலக்கோடி: 3, 1, கூட்டினால் 4. ஆக, வரிசையில் யார் எங்கே நின்றாலும், அவருடைய இரண்டு எண்களையும் கூட்டினால் மொத்தத்தைவிட ஒன்று அதிகமாகத்தான் வரும். 30 பேர் இருந்தால் 31, 45 பேர் இருந்தால் 46. வரிசைக் கணக்கு முழுவதும் இதற்குள் அடக்கம்.

எனவே மொத்தம் கொடுக்கப்பட்டிருந்தால் கேள்வியைப் படித்தவுடனே அதோடு 1 கூட்டி ரஃப் தாளின் ஓரத்தில் எழுதி வட்டமிடுங்கள். 45 பேர் வகுப்பில் முருகன் மேலிருந்து 17-ஆவது, கீழிருந்து எத்தனையாவது? ஓரத்தில் 46 இருக்கிறது. 46 − 17 = 29. முடிந்தது. மொத்தம் கேட்கப்பட்டிருந்தால் எதிர்த்திசையில் போங்கள். கயல் இடமிருந்து 12, வலமிருந்து 19, மொத்தம் எத்தனை பேர்? 31 என்பது வட்டத்துக்குள் இருக்க வேண்டிய எண். எனவே மொத்தம் 30. கூட்டுவதா, கழிப்பதா என்ற கேள்வியே எழவில்லை, கவனித்தீர்களா? வட்டத்துக்குள் இருப்பது எப்போதும் மொத்தத்தைவிட ஒன்று பெரியது என்பது மட்டும் நினைவில் நின்றால் போதும். அதுவும் தேர்வு அழுத்தத்தில் மறந்துபோனால், ரஃப் தாளில் மூன்று கோடு கிழித்து நடுக்கோட்டை எண்ணிப் பாருங்கள். ஐந்து நொடியில் விதி கையில் இருக்கும்.

பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகளின் ரஃப் தாளைப் பார்ப்பது எனக்கு வழக்கம். ஒரு பெண் 38 பேருக்கும் 38 கோடு கிழித்து வைத்திருந்தாள். கோடுகள் அடுத்த வரிக்கு மடங்கிப் போய், எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணியிருந்தாள். அவளுக்குத் தர்க்கத்தில் எந்தக் குறையும் இல்லை. நேரம்தான் போய்விட்டது. படம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரே ஒரு நீண்ட கோடு, அதில் பெயருக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு மேலே இடமிருந்து எண், கீழே வலமிருந்து எண். இவ்வளவுதான் படம். மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டினால் வட்டத்தில் உள்ள எண் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே தப்பு பிடிபட்டுவிடும்.

அடுத்து, வாக்கியத்தைப் படிப்பதில் கவனம் வேண்டும். "அவளுக்கு முன்னால் 17 பேர்" என்பதும் "அவள் 17-ஆவது" என்பதும் ஒன்றல்ல. முன்னால் 17 பேர் என்றால் அவள் 18-ஆவது. "அவனுக்கு வலப்பக்கம் 8 பேர்" என்றால் அவன் வலமிருந்து 9. முதலாவது ஆட்களின் எண்ணிக்கை, இரண்டாவது இடத்தின் எண். இரண்டும் ஒரே கேள்வியில் கலந்து வரும்: "செல்வம் இடமிருந்து 14-ஆவது, அவனுக்குப் பின்னால் 20 பேர், மொத்தம்?" இங்கே 14 + 20 = 34 நேரடியாகச் சரி. 14-இல் செல்வம் இருக்கிறான், 20-இல் இல்லை. யாரும் இருமுறை எண்ணப்படவில்லை. இந்தக் கேள்வியில் பழக்கதோஷத்தால் 1 கழித்து 33 என்று போடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் சூத்திரத்தை முதலில் எடுக்காதீர்கள் என்கிறேன். "இந்த எண்ணுக்குள் அவர் இருக்கிறாரா, இல்லையா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் இட எண்ணாக மாற்றிவிட்டுப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள். 5-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை விடுப்பு எடுத்தால் 12 − 5 = 7 நாள் அல்ல, 8 நாள் என்று அலுவலகத்தில் யாரும் தப்பாமல் சொல்வார்கள். இரு முனையும் கணக்கில் சேர்கிறது என்று அங்கே நமக்குத் தெரிகிறது. அதே கவனம்தான் இங்கேயும் தேவை.

இருவருக்கு இடையே எத்தனை பேர் என்ற வகைக்கு வருவோம். நூல்களில் இதற்கு இரண்டு சூத்திரம் இருக்கும், ஒன்று இருவரும் ஒருவரையொருவர் தாண்டாதபோது, இன்னொன்று தாண்டியிருக்கும்போது. இரண்டும் தேவையில்லை. இருவரையும் ஒரே பக்கத்திலிருந்து எண்ணுங்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், மேலும் 1 கழியுங்கள். 40 பேர் வரிசையில் அருண் இடமிருந்து 13, பாலு வலமிருந்து 17. வட்டத்தில் 41. பாலு இடமிருந்து 41 − 17 = 24. 13-க்கும் 24-க்கும் நடுவே 14 முதல் 23 வரை, 10 பேர்.

அதே 40 பேரில் அருண் இடமிருந்து 27, பாலு வலமிருந்து 25 என்று கொடுத்தால்? சூத்திரக்காரர் 40 − 27 − 25 என்று தொடங்கி, மைனஸ் 12-ஐப் பார்த்துத் திகைத்து நிற்பார். நம் வழியில் பாலு இடமிருந்து 41 − 25 = 16. அருண் 27. நடுவே 17 முதல் 26 வரை, மறுபடியும் 10 பேர். பாலு அருணுக்கு இடப்பக்கம் நிற்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு. யார் யாரைத் தாண்டி நிற்கிறார்கள் என்பதை நாம் முன்கூட்டி யோசிக்கவே வேண்டியதில்லை. எண்கள் தாமாகச் சொல்லிவிடும்.

இனி நீங்கள் தொடாமல் விடும் இடமாற்றக் கணக்கு. என்னைக் கேட்டால் இந்த வகையில் மிக எளிதானது இதுதான். பயமுறுத்துவது அதன் நீளம்தான். ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

"ஒரு வரிசையில் செல்வி இடமிருந்து 9-ஆவது, மாலதி வலமிருந்து 14-ஆவது. இருவரும் இடம் மாற்றிக்கொண்டபின் செல்வி இடமிருந்து 17-ஆவது ஆகிறாள். வரிசையில் எத்தனை பேர்? மாலதி இப்போது வலமிருந்து எத்தனையாவது? இருவருக்கும் இடையே எத்தனை பேர்?"

ஆட்களை மறந்துவிடுங்கள். நாற்காலிகளைப் பாருங்கள். வரிசையில் இரண்டு நாற்காலி நமக்கு முக்கியம்: செல்வி முதலில் உட்கார்ந்திருந்தது ஒன்று, மாலதி உட்கார்ந்திருந்தது இன்னொன்று. ஆட்கள் மாறுவார்கள், நாற்காலி நகராது, நாற்காலியின் எண்ணும் மாறாது. முதல் நாற்காலி இடமிருந்து 9. இரண்டாவது நாற்காலி வலமிருந்து 14. இப்போது செல்வி இரண்டாவது நாற்காலியில் போய் உட்கார்ந்து, "நான் இடமிருந்து 17" என்கிறாள். அப்படியானால் இரண்டாவது நாற்காலியின் இரண்டு எண்ணும் தெரிந்துவிட்டது: இடமிருந்து 17, வலமிருந்து 14. கூட்டினால் 31, மொத்தம் 30 பேர். மாலதி இருப்பது முதல் நாற்காலியில், அது இடமிருந்து 9, ஆகவே வலமிருந்து 31 − 9 = 22. இடையில் இருப்பவர்கள் 17 − 9 − 1 = 7. மூன்று கேள்விக்கும் விடை வந்துவிட்டது.

சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. செல்வி 9-இலிருந்து 17-க்குப் போனாள், 8 இடம். அதே தூரத்தைத்தான் மாலதியும் எதிர்த்திசையில் கடந்தாள். எனவே அவள் எண்ணும் 8 ஏற வேண்டும்: 14 + 8 = 22. பொருந்துகிறது. மொத்தம் கேட்காமல் மாலதியின் புதிய இடத்தை மட்டும் கேட்டிருந்தால், இந்த ஒரே கூட்டலில் விடை சொல்லிவிடலாம். மொத்தம் கண்டுபிடிக்கவே தேவையில்லை. இந்தக் குறுக்குவழியை ஷார்ட்கட் என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். இருவர் இடம் மாறினால் இருவரும் நடந்த தூரம் ஒன்றுதான் என்பது யாருக்கும் தெரிந்ததே.

இதில் தப்பு எங்கே நேர்கிறது என்றால், வெவ்வேறு நாற்காலிகளின் எண்களை ஒன்றாகச் சேர்ப்பதில்தான். செல்வியின் 9-ஐயும் மாலதியின் 14-ஐயும் கூட்டி, 1 கழித்து, 22 பேர் மொத்தம் என்று போட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். அவை இரண்டு வெவ்வேறு நாற்காலியின் எண்கள். ஒரே நாற்காலியின் இரு எண்களைத்தான் கூட்ட முடியும். ரஃப் தாளில் கோட்டின் மேல் இரண்டு புள்ளி வைத்து, புள்ளிக்குப் பெயர் எழுதாமல் "முதல்", "இரண்டு" என்று மட்டும் குறித்துப் பழகினால் இந்தக் குழப்பம் வராது.

ஒருவர் மட்டும் நகரும் வகையும் உண்டு. 32 பேர் வரிசையில் ரேவதி நான்கு இடம் வலப்பக்கம் நகர்ந்ததும் இடமிருந்து 15-ஆவது ஆனாள். முன்பு வலமிருந்து எத்தனையாவதாக இருந்தாள்? வலப்பக்கம் போகப் போக இடமிருந்து எண் கூடும், எனவே முன்பு 11. வட்டத்தில் 33. விடை 22.

இப்போது எல்லோரும் சண்டை போடும் இடத்துக்கு வந்துவிட்டோம். "ஒரு வரிசையில் கண்ணன் இடமிருந்து 20-ஆவது, வேலு வலமிருந்து 15-ஆவது. இருவருக்கும் இடையே 6 பேர். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்?"

பெரும்பாலானோர் 20 + 6 + 15 = 41 என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கண்ணன் இடப்பக்கமும் வேலு வலப்பக்கமும் நின்றால் அது சரி. ஆனால் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று கேள்வி சொல்லவில்லையே! வேலு கண்ணனுக்கு இடப்பக்கம் நின்றாலும் நிபந்தனை பொருந்தலாம். இடையே 6 பேர் என்றால் இருவரின் இட எண்ணுக்கும் 7 வேறுபாடு; அப்போது வேலு இடமிருந்து 20 − 7 = 13. வலமிருந்து 15. 13 + 15 = 28, மொத்தம் 27. சோதித்துப் பாருங்கள்: 27 பேர் வரிசையில் 13-ஆவது வேலு, 20-ஆவது கண்ணன், நடுவே 14 முதல் 19 வரை 6 பேர். குறையே இல்லை. ஆக 41-உம் சரி, 27-உம் சரி.

தேர்வில் எதைக் குறிப்பது? "குறைந்தபட்சம் எத்தனை பேர்" என்று இருந்தால் 27. "அதிகபட்சம்" என்றால் 41. வெறும் "மொத்தம்" என்று கேட்டு, ஆப்ஷனில் "கண்டறிய இயலாது" என்று இருந்தால் அதுதான் விடை. தயங்க வேண்டாம். "கண்ணனுக்கு வலப்பக்கத்தில் வேலு" என்ற சொற்றொடர் கேள்வியில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் திரும்ப ஒருமுறை பாருங்கள். அது இருந்தால் 41 மட்டுமே. எந்தக் குறிப்பும் இல்லாமல், "கண்டறிய இயலாது" என்ற ஆப்ஷனும் இல்லாமல், 41 மட்டும் இருந்தால் 41-ஐக் குறித்துவிட்டு நகருங்கள். கேள்வி குறைபாடுள்ளது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேர்வறையில் அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, உத்தேச விடை வெளியான பிறகு ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இரண்டாவது விடை எல்லாக் கேள்வியிலும் வராது. கண்ணன் இடமிருந்து 5, வேலு வலமிருந்து 4, இடையே 6 பேர் என்றால், வேலுவை இடப்பக்கம் கொண்டுபோக 5 − 7 என்று கழிக்க வேண்டும். அப்படி ஓர் இடமே இல்லை. எனவே 5 + 6 + 4 = 15 மட்டுமே விடை. இருவரின் எண்ணும், இடையில் உள்ளவர்களைவிடக் குறைந்தது 2 பெரிதாக இருந்தால்தான் தாண்டி நிற்க முடியும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கழித்துப் பாருங்கள், பூஜ்யமோ மைனஸோ வந்தால் அந்த வழி அடைப்பு.

வகுப்பு ரேங்க் கணக்குகளில் வேறு இரண்டு சிக்கல்கள் வரும். ஒன்று, பட்டியல் எது என்பது. "தேர்ச்சி பெற்றவர் பட்டியலில் நிலா மேலிருந்து 14, கீழிருந்து 23. நான்கு பேர் தோல்வி, ஏழு பேர் தேர்வே எழுதவில்லை. வகுப்பில் எத்தனை பேர்?" 14 + 23 = 37, எனவே தேர்ச்சி பெற்றோர் 36. அதோடு 4, 7 சேர்த்தால் 47. நிலாவின் இரண்டு எண்ணும் தேர்ச்சிப் பட்டியலுக்குள் மட்டும் செல்லும். வகுப்பு முழுவதற்கும் அல்ல.

இரண்டாவது, ஆண் பெண் பிரித்துக் கேட்பது. இது கொஞ்சம் நிதானம் கேட்கும் வகை. 48 பேர் வகுப்பில் மாணவிகள் மாணவர்களைப் போல் இருமடங்கு. இளங்கோ மேலிருந்து 19-ஆவது. அவனுக்கு முன்னால் 11 மாணவிகள். அவனுக்குப் பின்னால் எத்தனை மாணவர்கள்? 48-ஐ மூன்று பங்காக்கினால் மாணவர் 16, மாணவியர் 32. இளங்கோவுக்கு முன்னால் 18 பேர், அதில் 11 மாணவிகள், எனவே 7 மாணவர்கள். 16 − 7 = 9 என்று போட்டுவிட்டு ஆப்ஷனைத் தேடினால் 9 அங்கே இருக்கும். ஆனால் அந்த 9-இல் இளங்கோவும் இருக்கிறான்! அவன் தனக்குப் பின்னால் நிற்க முடியாது. விடை 8. சரிபார்ப்பு: பின்னால் மாணவியர் 32 − 11 = 21, மாணவர் 8, கூட்டினால் 29. 19-ஆவது ஆளுக்குப் பின்னால் 48 − 19 = 29 பேர்தான். இந்தச் சரிபார்ப்புக்கு சில நொடிதான் ஆகும். ஆண் பெண் கணக்கில் அதைத் தவிர்க்காதீர்கள்.

ரேங்க் கணக்குகள் எல்லாவற்றிலும் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: இருவர் ஒரே ரேங்கில் இல்லை. அது இல்லாவிட்டால் நாம் நம்பியிருக்கும் வட்டத்து எண்ணே உடைந்துவிடும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் உயரம் தாண்டுதலில் கத்தார் நாட்டு பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டர் தாண்டித் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்து வந்தவருக்கு வெண்கலம், வெள்ளி யாருக்கும் இல்லை. இரண்டு பேர் முதலிடம், அடுத்தவர் மூன்றாமிடம். இப்படிப்பட்ட பட்டியலில் மேலெண்ணும் கீழெண்ணும் கூட்டினால் மொத்தத்தைவிட ஒன்று அதிகம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. தேர்வில் வரும் கணக்கில் அந்தக் கவலை வேண்டாம். ஆனால் "இருவர் சம மதிப்பெண்" என்று கேள்வியிலேயே எழுதியிருந்தால், நின்று நிதானித்து, ஆட்களாக எண்ணுங்கள்.

உயரம், வயது, எடை ஒப்பிட்டு வரிசைப்படுத்தச் சொல்வதும் இதே குடும்பம்தான். அங்கே எண் கிடையாது. நெடுக்காக ஒரு கோடு, மேலே உயரமானவர், கீழே குள்ளமானவர். "கண்ணன் வேலுவைவிட உயரம், மணியைவிடக் குள்ளம். சேகர் மணியைவிட உயரம். ரவி கண்ணனைவிடக் குள்ளம்." மேலிருந்து சேகர், மணி, கண்ணன். அதற்குக் கீழே வேலுவும் ரவியும். இந்த இருவரில் யார் உயரம் என்று கேள்வி சொல்லவில்லை. ரவியின் பெயர் கடைசியில் வந்ததால் அவர்தான் எல்லோரையும்விடக் குள்ளம் என்று எழுதிவிடுவது இந்த வகையின் பெரிய பொறி. தெரியாத இருவரை ஒரே மட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் கேள்விக்குறி போடுங்கள். ஆனால் ஓரிடம் தெரியவில்லை என்பதற்காக "கண்டறிய இயலாது" என்று அவசரப்பட்டுக் குறிக்கவும் கூடாது. நடுவில் இருப்பவர் யார் என்று கேட்டால் கண்ணன் என்று உறுதியாகச் சொல்லலாம். வேலுவும் ரவியும் எப்படி நின்றாலும் அது மாறாது. எல்லோரிலும் குள்ளமானவர் யார் என்று கேட்டால் மட்டும்தான் இயலாது.

நடு என்றதும் நினைவுக்கு வருகிறது: ஒற்றைப்படை எண்ணிக்கை இருந்தால்தான் வரிசைக்குச் சரியான நடு ஆள் உண்டு. 35 பேரில் நடு ஆள் 36-இல் பாதி, 18-ஆவது. வட்டத்து எண்ணில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்குச் சரியாக நடுவில் மூன்றாமவர் நிற்கிறார் என்றால், மூவரையும் ஒரே பக்கமிருந்து எண்ணும்போது சம இடைவெளி வர வேண்டும். நிலா இடமிருந்து 8, தென்றல் இடமிருந்து 19, தென்றல் நிலாவுக்கும் யாழினிக்கும் சரியாக நடுவில், யாழினி வலமிருந்து 12 என்று கொடுத்து மொத்தம் கேட்டால்: 8-இலிருந்து 19-க்கு 11, இன்னொரு 11 சேர்த்தால் யாழினி இடமிருந்து 30. 30 + 12 = 42, மொத்தம் 41.

வங்கித் தேர்வுக்கும் போகும் எண்ணமிருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே வரிசையில் இருப்பவர்கள் எந்தத் திசை பார்த்து அமர்ந்திருக்கிறார்கள் என்பது சேர்ந்து வரும். வடக்கு நோக்கி இருந்தால் அவர்களின் இடக்கையும் தாளில் நம் இடக்கையும் ஒரே பக்கம். தெற்கு நோக்கி இருந்தால் அவர்களின் இடக்கை தாளின் வலப்பக்கம் வரும். படத்தில் ஒவ்வொருவர் தலைமேலும் சிறு அம்புக்குறி போட்டுவிட்டுத் தொடங்குங்கள். திசையை மனதுக்குள் திருப்பிப் பார்க்க முயன்றால் ஐந்தாவது ஆள் வருவதற்குள் குழம்பிவிடும்.

பயிற்சி எப்படி எடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். பழைய வினாத்தாள்களிலிருந்து இந்த வகைக் கேள்விகளை மட்டும் பிரித்தெடுங்கள். முதல் வாரம் நேரம் பார்க்காமல், ஒவ்வொன்றுக்கும் கோடும் புள்ளியும் போட்டு, கடைசியில் சரிபார்த்து முடியுங்கள். விடை தப்பினால் எந்தச் சூத்திரம் தப்பியது என்று தேடாதீர்கள். யாரை இருமுறை எண்ணினேன், யாரை எண்ணாமல் விட்டேன் என்று தேடுங்கள். அந்த ஆள் யார் என்று கண்டுபிடித்துவிட்டால் அதே தப்பு அடுத்த தாளில் வராது. பிறகு நேரம் வைத்துப் போடலாம். எளிய கேள்விக்கு அரை நிமிடமும், இடமாற்றக் கேள்விக்கு ஒரு நிமிடமும் போதுமான அளவு கை தானே வேகம் பிடிக்கும்.

இப்போதே போட்டுப் பார்க்க மூன்று தருகிறேன். விடையை மறைத்துக்கொண்டு போடுங்கள்.

38 பேர் வரிசையில் கோபி வலமிருந்து 11-ஆவது. அவனுக்கு இடப்பக்கம் ஐந்தாவது இடத்தில் சுதா. சுதா இடமிருந்து எத்தனையாவது?

ஹரி இடமிருந்து 15, தீபா வலமிருந்து 21. இடம் மாறியபின் தீபா வலமிருந்து 28. மொத்தம் எத்தனை? ஹரி இப்போது இடமிருந்து எத்தனையாவது?

ஒருவர் இடமிருந்து 10-ஆவது, இன்னொருவர் வலமிருந்து 12-ஆவது, இடையே 9 பேர். மொத்தம் எத்தனை?

முதல் கணக்கு: சுதா வலமிருந்து 16, வட்டத்தில் 39, எனவே இடமிருந்து 23. இரண்டாவது: தீபா இப்போது ஹரியின் பழைய நாற்காலியில், அது இடமிருந்து 15, வலமிருந்து 28, கூட்டினால் 43, மொத்தம் 42. ஹரி இருக்கும் நாற்காலி வலமிருந்து 21, எனவே இடமிருந்து 43 − 21 = 22. மூன்றாவதில் 10 + 9 + 12 = 31 வரும். இதற்கு இன்னொரு விடை உண்டா என்று பார்க்க 10-இலிருந்து 10-ஐக் கழியுங்கள். பூஜ்யம். வரிசையில் பூஜ்யமாவது இடம் கிடையாது, ஆகவே 31 ஒன்றுதான். இடையே 9 என்பதற்குப் பதில் 8 என்று மாற்றிப் பாருங்கள். அப்போது 30-உம் வரும், 12-உம் வரும். 12 பேர் வரிசையில் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தால், ஒருவர் இடக்கோடியில் முதல் ஆளாக நிற்பது தெரியும்.